பழ ஈக்களில் மரபணு இடைவினை

ஒரு மரபணுவின் பிறழ்வு வேறொரு மரபணுப் பிறழ்வின் விளைவை மறைத்தால் அது அடக்கல் எனப்படும். விளைவைக் கூட்டினால் மிகைப்படுத்தல் எனப்படும். பழ ஈயின் நரம்புகளில் இவ்விரண்டும் கண்டறியப்பட்ட வரலாற்றில் மும்பைக்கும் பங்கு உண்டு.

1971இல் கனடாவில் டேவிட் சுசுக்கி குழுவினர் விந்தையான ஈ வகையொன்றைக் கண்டனர். 22 பாகை செல்சியசில் இயல்பாகத் திரிந்த இந்த ஈக்கள், 29 பாகையில் சில நொடிகளிலேயே முடங்கி விழுந்தன. குளிர்வித்ததும் எழுந்து நடந்தன. இப்பிறழ்வு 'பாரா' எனப்பட்டது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் 1962இல் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கிய ஒபைத் சித்திகி, அமெரிக்க அறிஞர் சீமோர் பென்சருடன் சேர்ந்து, இத்தகைய ஈக்களில் நரம்புக் குறிகைகள் எங்கே தடைபடுகின்றன என்று மின்பதிவுகள் மூலம் ஆராய்ந்தார். ஆய்வு 1976இல் வெளியானது. அதில் இடம்பெற்ற இன்னொரு பிறழ்வு 'கோமடோஸ்'. குளிர்வித்த பின்னும் எழ நெடுநேரம் ஆகும் ஈக்கு ஆழ்மயக்கம் என்ற பெயர் பொருத்தமே.

1978இல் சுன்-ஃபாங் வூ, பேரி கானெட்ஸ்கி முதலியோர் 'நாப்' என்ற மூன்றாவது பிறழ்வை விவரித்தனர். இதுவும் வெப்பத்தில் ஈயை முடக்குவதுதான். ஆனால் பிற பிறழ்வுகளோடு சேர்த்தபோதுதான் அதன் முழு இயல்பு தெரிந்தது. ஈதர் மயக்கத்தில் கால்களை உதறும் 'ஷேக்கர்' ஈக்களில் நாப் பிறழ்வைச் சேர்த்தால் உதறல் அடங்கியது. பாராவுடன் சேர்த்தாலோ, தனித்தனியே வாழக்கூடிய இரு பிறழ்வுகளும் ஒரே ஈயில் கூடி, சாதாரண வெப்பநிலையிலேயே அதைக் கொன்றன. ஓரிடத்தில் மருந்து, மற்றோரிடத்தில் நஞ்சு.

விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. ஷேக்கர், பொட்டாசியம் அயனிக் கால்வாய்க்கான மரபணு. அது பழுதானால் நரம்பு அளவுக்கு மீறிக் கிளர்ச்சியடையும். பாரா, சோடியம் கால்வாய்க்கான மரபணு என்பது 1989இல் தெளிவாயிற்று. அது குறைந்தால் நரம்பு எளிதில் கிளர்ச்சியடையாது. நாப் பிறழ்வு வேறொரு மரபணுவில் இருந்தபோதிலும், பாரா மரபணுவின் ஆர்.என்.ஏ. சரியாக வெட்டி ஒட்டப்படுவதைக் கெடுத்து, சோடியம் கால்வாய்களைக் குறைக்கிறது. ஷேக்கர் ஈயின் மிகைக் கிளர்ச்சியை அக்குறைவு ஈடுசெய்தது. பாரா ஈயில் ஏற்கெனவே இருந்த குறையை உயிர்தாங்காத அளவுக்குக் கூட்டியது.

மும்பையில் இந்தத் தேடல் தொடர்ந்தது. 1999இல் கே. எஸ். கிருஷ்ணன் குழுவினர் கோமடோசுக்கும் பாராவுக்கும் இடையிலான இடைவினையை விவரித்து, நரம்பு முனையில் வேதிப்பொருள் நுண்பைகள் சுழலும் வழியில் கோமடோஸ் புரதத்தின் பங்கை அறிய அதைப் பயன்படுத்தினர்.