ஐம்பது சிசியில் நின்றுபோன சட்டம்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஸ்கூட்டர் ஓட்டுவதைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் இரண்டு குற்றச்சாட்டுகளில் முடிந்துவிடுகிறது: பெற்றோருக்குப் பொறுப்பில்லை, போலீஸ் பிடிப்பதில்லை. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளின் வரலாற்றைப் புரட்டினால் மூன்றாவதாக ஒன்று தெரியவருகிறது. பதினாறு வயதில் முறையாகப் பழகி, லைசென்ஸ் எடுத்து ஓட்ட இந்த நாட்டில் ஒரு வழி இருந்தது. சட்டப் புத்தகத்தில் அது இன்றும் இருக்கிறது. அந்த லைசென்ஸுக்குரிய வண்டிதான் கடையில் இல்லை. அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் சரிசெய்யாமல், தண்டனையை மட்டும் கூட்டினார்கள். பிள்ளைகள் கள்ளத்தனமாக ஓட்டப் பழகியதற்கு இதுவே முதல் காரணம் என்பது என் வாதம்.

மோட்டார் வந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. சென்னைத் துறைமுகத்தை வளர்த்த பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு எம்.சி.1 என்ற எண் கிடைத்த நாளில், கார் என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளின் சொத்து. அதை ஓட்டச் சம்பளத்துக்கு ஆள் இருந்தார். 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் குறைந்தபட்ச வயது 18 என்றது, 1939ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே பின்பற்றியது. யாரும் அதை எதிர்த்து வழக்காடவில்லை. தாம்பரம் அப்போது ரயிலை நம்பி வளர்ந்த ஊர். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இங்கே குடிபெயர்ந்தது. ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் பெருங்களத்தூரில் ஹெரால்டு கார்களைச் செய்துகொண்டிருந்த 1960களிலும், அந்த ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு வண்டி என்றால் சைக்கிள்தான்.

நிலைமையை மாற்றியது மொபெட். 1972இல் லூனாவும் 1980இல் டிவிஎஸ் 50-யும் வந்தன. இரண்டும் ஐம்பது சிசி. ஒசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-இல் இருவர் உட்காரலாம், முன்னால் மூட்டையும் வைக்கலாம். மனைகள் ரயில் நிலையத்தை விட்டு விலகி ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர் என்று உள்ளே போகப் போக, நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சில கிலோமீட்டருக்கு இந்த வண்டியே துணையானது. அப்பாவின் மொபெட்டைப் பிள்ளை எடுப்பது இந்தக் குடியிருப்புகளின் அமைப்பிலிருந்தே பிறந்த வழக்கம். வெறும் விளையாட்டு ஆசை என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இந்த உண்மையை ஏற்றுக்கொண்டது. அதன் 4ஆம் பிரிவு, பொதுவான வயது 18 என்று சொல்லிவிட்டு, கியர் இல்லாத இருசக்கர வண்டியை 16 வயது நிரம்பியவர் ஓட்டலாம் என்றது. சும்மா விட்டுவிடவும் இல்லை. பெற்றோரோ காப்பாளரோ எழுத்தில் சம்மதம் தர வேண்டும். சாலை விதிகளில் தேறி எல்.எல்.ஆர். வாங்க வேண்டும், அது ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் பழகிய பிறகே ஓட்டிக்காட்டும் தேர்வு. அதுவரை முன்னும் பின்னும், வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ போர்டு: பதினெட்டு சென்டிமீட்டர் சதுரம், எழுத்தின் உயரம் பத்து சென்டிமீட்டர் என்று அளவு வரை விதி சொல்கிறது. சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. சிறிய வண்டி, பெரியவரின் கையெழுத்து, பழகும் காலம், தனியாக ஓட்டும் கட்டாயம் எல்லாம் அதில் இருந்தன. நம் நாட்டுச் சட்டங்களில் இத்தனை பக்குவமான ஏற்பாடுகள் அதிகம் இல்லை.

ஆனால் ‘கியர் இல்லாத’ என்ற சொல்லில் ஓட்டை இருந்தது. 1984இலேயே வந்துவிட்ட கைனடிக் ஹோண்டா 98 சிசி. அதற்கும் கியர் கிடையாது. எனவே 1994 நவம்பர் 14 முதல் அந்தச் சொற்களை நீக்கி, ‘50 சிசிக்கு மிகாத’ என்று திருத்தினார்கள். நோக்கம் சரியானதே. ஆனால் சந்தை எதிர்த்திசையில் போனது. 1990களில் கல்லூரிப் பெண்களின் வண்டியாக வந்த டிவிஎஸ் ஸ்கூட்டி ஏறக்குறைய 60 சிசி. டிவிஎஸ் 50-இன் வாரிசான எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி, அடுத்து வந்த எக்ஸ்எல் 100 ஏறக்குறைய 100 சிசி. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக டூ-ஸ்ட்ரோக் மொபெட்டுகள் மறைந்தன. இன்று புதிதாக வாங்க ஐம்பது சிசி பெட்ரோல் வண்டி கிடைப்பதில்லை. ஆகவே பதினாறு வயதுக்காரர் சட்டப்படி லைசென்ஸ் எடுத்தாலும், வீட்டு வாசலில் நிற்கும் 110 சிசி ஸ்கூட்டரை அந்த லைசென்ஸோடு தொடக் கூடாது. மறுபக்கம், 250 வாட்டுக்குக் குறைவான, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மின்வண்டி மோட்டார் வாகனம் என்ற கணக்கிலேயே வராது. அதற்கு லைசென்ஸும் வேண்டாம், பழகலும் வேண்டாம். நடுவில் கற்றுக்கொள்வதற்கென்று இருந்த படி காணாமல் போய்விட்டது.

கற்பிக்கும் பக்கமும் தேய்ந்தது. ஓட்டுநர் பள்ளிகளுக்கு 1989ஆம் ஆண்டு மத்திய விதிகள் பாடத்திட்டம் வகுத்தன: காருக்கு 21 நாள், குறைந்தது பத்து மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். இருசக்கர வண்டிக்காகப் பள்ளியைத் தேடிப் போகிறவர்கள் சொற்பம். அண்ணனோ மாமாவோ தெருவில் கற்றுத்தருவதே வழக்கம். கடைசியில் மிஞ்சுவது எட்டு போடுவது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல், முதல் கியரில், கையை நீட்டிச் சைகை காட்டி ஒரு எட்டைச் சுற்றிவந்தால் போதும். உடல் சமநிலைக்கு அது நல்ல சோதனை. ஆனால் ஜி.எஸ்.டி. சாலையின் யூ-டர்ன் இடைவெளியில், வேகமாக வரும் பேருந்தின் தூரத்தைக் கணித்து நுழைவதா நிற்பதா என்று முடிவெடுக்கும் திறனை எட்டு காட்டாது. லாரிக்கு இடப்பக்கம் நின்றால் அதன் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியமாட்டோம் என்பதையும் அது சொல்லித்தராது. அதே தாம்பரத்தில் 1954 முதல் விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி இயங்குகிறது. வானில் ஏறுபவருக்குக் கற்றுத்தருபவர் எப்படிக் கற்றுத்தர வேண்டும் என்பதற்கே அங்கே ஒரு பள்ளி. சாலையில் கற்றுத்தருபவரிடமோ பத்தாம் வகுப்பும் ஐந்தாண்டு ஓட்டிய அனுபவமும் மெக்கானிக் சான்றிதழும் இருந்தால் விதிகளுக்குப் போதும். கற்பிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

2019 செப்டம்பர் 1 அன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் திருத்தமாக 199ஏ பிரிவு வந்தது. சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் காப்பாளருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கிடையாது. கடைசித் தண்டனைதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. தவறாக ஓட்டியவனுக்குச் சரியாகக் கற்கும் கதவை எட்டு ஒன்பது ஆண்டு அடைப்பதால் அவன் ஓட்டுவதை நிறுத்துவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, கற்காமலே ஓட்டுவான். அதே திருத்தம் 4ஆம் பிரிவின் ஐம்பது சிசியைத் தொடவில்லை.

பதினாறு வயது மூளைக்கு ஆபத்தை எடைபோடும் முதிர்ச்சி இல்லை, பயிற்சி கொடுத்துப் பயனில்லை என்பது வலுவான மறுப்பு. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில், டிகால்ப் கவுண்டியின் 16,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். சிறப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் விபத்தில் நீடித்த வித்தியாசம் தெரியவில்லை. இதை மறைக்கத் தேவையில்லை. வகுப்பறை மட்டும் உயிரைக் காக்காது. ஆனால் படிப்படியான லைசென்ஸ் காத்தது. 1987இல் நியூசிலாந்து, இளம் ஓட்டுநர்கள் இரவில் தனியாக ஓட்டக் கூடாது, ஆட்களை ஏற்றக் கூடாது என்று தொடங்கி, அனுபவம் கூடக் கூடத் தடைகளைத் தளர்த்தியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 21 வயதுக்கு உட்பட்டவர் பெரியவர் அருகிருக்க 120 மணி நேரம் ஓட்டிக்காட்ட வேண்டும். இத்தகைய முறை வந்த இடங்களில் இளையோர் விபத்துகள் குறைந்ததை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பதினெட்டு வரை ஒன்றுமில்லை, பதினெட்டு நிரம்பிய மறுமாதமே எந்த பைக்கும் எந்த நேரமும் என்பதுதான் நம் முறை. முதிர்ச்சி ஒரு பிறந்தநாளில் வந்துவிடாது என்று நம்புகிறவர்கள் இந்த முறையைத்தான் முதலில் எதிர்க்க வேண்டும்.

பேருந்து விட்டால் பிள்ளைகள் ஏன் ஓட்டப்போகிறார்கள் என்பது இன்னொரு மறுப்பு. அதை நான் முழுமனதாக ஏற்கிறேன். 2013இல் சென்னையில் ஓடத் தொடங்கிய சிற்றுந்துகள் உள்தெருக்களுக்கு வந்தபோது அதன் அருமை தெரிந்தது. ஆனால் பேருந்து போதுமான அளவு வரும்வரை கற்றலைத் தள்ளிப்போட முடியாது. 2022இல் நாட்டில் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள்; விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு அந்த ஆண்டு முதலிடம்.

மோட்டார் வாகனம் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ளது; மாநிலமும் பேசலாம், செய்யலாம். சிசியை விட்டுவிட்டு வேகத்தையும் மின்சக்தியையும் அளவாக வையுங்கள். அந்த அளவுக்கு உட்பட்ட வண்டிக்கு, பின்னால் ஆள் கூடாது, இரவு கூடாது, நெடுஞ்சாலை கூடாது என்று முதல் ஆண்டு லைசென்ஸ் கொடுங்கள். தாம்பரம், மீனம்பாக்கம் ஆர்.டி.ஓ. எல்லைகளில் எட்டைத் தாண்டி ஒரு சந்திப்பு, ஒரு யூ-டர்ன், ஒரு பேருந்து நிறுத்தம் வரைந்த மைதானம் அமையுங்கள். சட்டம் அடுத்தமுறை திருத்தத்துக்கு வரும்போது, 4ஆம் பிரிவிலுள்ள ஐம்பது என்ற எண்ணை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்கவைக்க வேண்டியது இந்தப் புறநகரின் பெற்றோர்கள்.