விமர்சனமும் வெறுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமயத்தை விமர்சிப்பது அச்சமயத்தைச் சார்ந்த மக்களை வெறுப்பதாகுமா? இவ்வினாவுக்கு இன்று இரு விடைகள் உரத்த குரலில் கூறப்படுகின்றன. விமர்சனம் அனைத்தும் வெறுப்பே என்பது ஒன்று. யாம் சமயத்தையே பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டே மக்களை இழித்துரைப்பது மற்றொன்று. இவ்விரண்டும் நமக்கு உடன்பாடல்ல. வினா புதியதுமன்று. சென்னைக்கு மேற்கே நாம் வாழும் இப்பகுதியின் மண்ணிலேயே அதன் பழைய தடங்கள் உள்ளன.

பூவிருந்தவல்லிக்கு அண்மையில் ஒருபுறம் திருமழிசை, மறுபுறம் குன்றத்தூர். திருமழிசையாழ்வார் சமணம், பௌத்தம், சைவம் ஆகிய சமயங்களில் தோய்ந்து ஆராய்ந்த பின்னரே பேயாழ்வாரால் வைணவம் சார்ந்தார் என்பது வைணவ குருபரம்பரை மரபு. கற்றறிந்த பின் ஒன்றை மறுப்பவர் என்னும் பெருமையை அம்மரபு அவருக்கு வழங்குகிறது. குன்றத்தூர், பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊர். அந்நூல் திருஞானசம்பந்தரின் வரலாற்றை விரிவாகக் கூறுகிறது. சம்பந்தரின் பதிகங்களில் பெரும்பாலும் பத்தாம் பாடல் சமணரையும் பௌத்தரையும் சாடுவதாக அமைந்திருப்பதைத் தேவாரம் கற்றோர் அறிவர். அச்சாடலில் கொள்கை மறுப்பைத் தேடினால் சிறிதே கிட்டும். நீராடாமை, மயிர் பறித்தல், நின்றுண்ணல், ஆடை என்பனவே பேசப்படுகின்றன. பிறகு மதுரையில் அனல்வாதமும் புனல்வாதமும் நிகழ்ந்து, தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறியதாகச் சேக்கிழார் பாடுகிறார்.

இக்கழுவேற்றம் நடந்ததற்குச் சமகாலக் கல்வெட்டுச் சான்று இல்லை. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் இதனை வரலாறாகக் கொள்ளவில்லை. சமணம் அதன் பின்னும் பல நூற்றாண்டுகள் தமிழகத்தில் வாழ்ந்ததும் உண்மையே. ஆயினும், நடவாத ஒன்றாயினும், அதனை வெற்றியின் உரிய முடிவாகக் கேட்டு மகிழும் மனநிலை ஒரு காலத்தில் இருந்தது என்பதற்கு அக்கதையே சான்று. எதிரியின் கொள்கையை விடுத்து அவன் உடலையும் உணவையும் உடையையும் எள்ளிப் பழகிய செவிக்கு, அவன் இறப்பு துன்பமாகத் தோன்றுவதில்லை. இதனைச் சைவ அன்பர்களைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. நம் வரலாற்றிலும் இத்தகைய பக்கங்கள் உண்டு.

அதே சைவ மரபுதான் பிற்காலத்தில் வேறொரு முறையையும் வளர்த்தது. 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார் பரபக்கம், உலகாயதம் தொடங்கிப் பதினான்கு மதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கூற்றையும் முதலில் நிறுத்தி, அதன் பின்னரே மறுக்கிறது. சமணரின் நீலகேசி பௌத்தத்தை மறுத்ததும் வாதத்தின் வழியே. மணிமேகலையின் தலைவி சமயக்கணக்கர் பலரிடம் சென்று அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்டறிகிறாள். இம்முறையில் கடுமை இல்லாமலில்லை. கடுமை கொள்கையின்மேல் விழுகிறது. மறுமொழி கூற எதிராளிக்கு இடம் இருக்கிறது.

அரபு நூல்களில் பழகியோர்க்கு இம்முறை அயலானதன்று. இமாம் அஷ்அரீ (ரஹ்) அவர்களின் மகாலாத், ஷஹ்ரஸ்தானீ (ஹி. 548) அவர்களின் அல்மிலல் வந்நிஹல் ஆகியவை மாற்றாரின் கொள்கைகளைத் தொகுத்துரைக்கும் பெருநூல்கள். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் (ஹி. 505) தத்துவவாதிகளை மறுக்கும் தஹாஃபுத்தை எழுதுமுன், அவர்தம் கருத்துகளை மட்டும் விளக்கும் மகாஸிதை எழுதினார்கள். பாத்தினிய்யாக்களின் வாதத்தை அவர்களே எடுத்துரைக்க இயலாத அளவு வலுவாக எடுத்துரைத்துவிட்டீர் என்று உண்மையாளர் சிலர் தம்மைக் குறை கூறியதை முன்கித் நூலில் இமாமவர்கள் பதிவு செய்கிறார்கள். இதே காரணத்திற்காக இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் ஹாரிஸ் முஹாஸிபீ (ரஹ்) அவர்களைக் கண்டித்ததையும் நினைவுகூர்கிறார்கள். பரவாத ஒரு குழப்பத்தைப் பொறுத்தவரை அக்கண்டனம் சரியே; பரவிவிட்ட ஒன்றுக்கு மறுப்புக் கூறுவது கடமை, எடுத்துரைக்காமல் மறுப்பது இயலாது என்பது கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் விடை. நம் மத்ரஸாக்களில் ஷரஹுல் அகாயித் ஓதும் மாணவர், ‘இன் கீல’ என்று எதிர்வாதம் தொடங்குவதையும் ‘குல்னா’ என்று விடை தொடங்குவதையும் நாள்தோறும் காண்கிறார். எதிராளியின் குரலைப் பாடநூலுக்குள்ளேயே அமர்த்திக்கொண்ட கல்வி இது.

அரபியில் ‘நக்து’ என்பது நாணயத்தில் நல்லதையும் போலியையும் பிரித்தறிவதைக் குறித்துப் பின்னர் விமர்சனத்திற்கு ஆன சொல். ‘ஸப்பு’ என்பது ஏச்சு. அல்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம் 108ஆம் வசனம் பிறர் வணங்குபவற்றை ஏசுவதைத் தடுக்கிறது. ஏசினால் அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசுவர் என்று காரணமும் கூறுகிறது. தடுக்கப்பட்டது ஸப்பு. இணைவைப்பை மறுக்கும் வாதங்கள் அதே அத்தியாயத்தில் நிறைந்திருக்கின்றன. இனி, அல்மாயிதா 8ஆம் வசனம் ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நீதியிலிருந்து வழுவச் செய்யலாகாது எனக் கட்டளையிடுகிறது. நாம் இன்று முன்முடிவான வெறுப்பு என்று எதனைச் சொல்கிறோமோ, அது இவ்வசனத்தின் எல்லைக்குள் வருவது. ஏச்சு நாவின் குற்றம். மற்றது நீதியின் குற்றம். விமர்சனம் இவ்விரண்டிலும் சேராது.

இவ்வேறுபாடு நம் நாட்டுச் சட்டத்தின் முன் வந்து நின்றது 1920களில். 1924இல் லாகூரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்வாழ்வை இழித்துரைக்கும் ‘ரங்கீலா ரஸூல்’ என்னும் சிறுநூல் வெளியிடப்பட்டது. வெளியிட்ட ராஜ்பால்மீது, வகுப்பாரிடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கும் 153ஏ பிரிவின்கீழ் வழக்கு. கீழ் நீதிமன்றங்கள் தண்டித்தன. 1927 மே மாதம் லாகூர் உயர்நீதிமன்ற நீதிபதி தலீப் சிங் அவரை விடுவித்தார். நூல் கண்டிக்கத்தக்கது, ஆனால் அப்பிரிவு வாழும் ஒரு வகுப்பாரின்மீது பகை மூட்டுவதைத் தடுக்கவே இயற்றப்பட்டது, மறைந்த சமயத் தலைவரைப் பற்றிய எல்லாக் கண்டனங்களையும் அது தடுக்காது என்பது அவர் கருத்து. முஸ்லிம்கள் கொதித்தெழுந்தனர். சில மாதங்களில் ‘ரிஸாலாயே வர்த்தமான்’ என்னும் இதழ்மீதான வழக்கில் அதே நீதிமன்றத்தின் அமர்வு மாறாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் 295ஏ பிரிவு பிறந்தது.

தலீப் சிங் அவர்களின் தீர்ப்பை நம்மவர் பலர் இன்றும் சினத்தோடே நினைவுகூர்கின்றனர். நாம் நிதானமாகப் படித்தால், அவர் பிரித்த பிரிப்பு பிழையன்று என்பது விளங்கும். பிழை அந்நூலை அப்பிரிப்பின் எப்பக்கத்தில் வைத்தார் என்பதிலேயே. வரலாற்று ஆய்வு ஒன்றை அவர் விடுவித்திருந்தால் முறையே. ராஜ்பால் வெளியிட்டதோ நக்து அன்று, ஸப்பு. அது ஒரு சமுதாயத்தின் மனத்தைப் புண்படுத்துவதையே நோக்கமாகக் கொண்டது. புதிய பிரிவு மத்திய சட்டசபையில் விவாதிக்கப்பட்டபோது, வரலாற்று ஆய்வு செய்வோரும் நேர்மையான சமய விமர்சனம் செய்வோரும் காக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தியவர் முகம்மதலி ஜின்னா என்பதை இரு தரப்பாரும் மறந்துவிட்டனர். வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு என்னும் சொற்கள் அப்பிரிவில் இடம்பெற்றன. 1929 ஏப்ரலில் ராஜ்பால் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கொன்ற இளைஞர் தூக்கிலிடப்பட்டார். சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் கத்தி எடுக்கப்பட்டது. அதனைப் புகழ்ந்து பாடியவர்கள் மேற்சொன்ன அல்அன்ஆம் வசனத்தைத் தமக்கும் உரியதாகக் கொள்ளவில்லை.

295ஏ செல்லும் என்று உச்சநீதிமன்றம் 1957இல் ராம்ஜிலால் மோடி வழக்கில் தீர்ப்பளித்தது. முஸ்லிம்களைப் புண்படுத்திய ‘கௌரக்ஷக்’ இதழாசிரியரின் வழக்கு அது. அறியாமலோ கவனக்குறைவாலோ நேரும் இகழ்ச்சியை இப்பிரிவு தண்டிக்கவில்லை, வேண்டுமென்றே தீய நோக்கோடு செய்யப்படும் மிகைப்பட்ட இகழ்ச்சியையே தண்டிக்கிறது என நீதிபதிகள் விளக்கினர்.

தமிழகத்தில் இதே காலத்தில் மற்றொரு வழக்கு நடந்தது. 1953 மே 27 அன்று திருச்சியில் பெரியார் களிமண் பிள்ளையார் உருவத்தை உடைத்தார். வீரபத்ரன் செட்டியார் என்பவர் முறையிட்டார். வழிபடப்படாத மண்ணுரு புனிதப் பொருளாகாது என்று கீழ் நீதிமன்றங்கள் தள்ளின; சென்னை உயர்நீதிமன்றமும் தலையிடவில்லை. 1958இல் உச்சநீதிமன்றம், சட்டத்தை அவ்வளவு குறுக்கிப் பொருள் கொண்டது தவறு, ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதுவதை நீதிமன்றம் மதிக்க வேண்டும் என்று கூறி, ஆண்டுகள் கடந்துவிட்டமையால் வழக்கை மேற்கொண்டு நடத்த ஆணையிடாமல் விட்டது. பெரியார் 1947இல் திருச்சியில் இன இழிவு நீங்க இஸ்லாமே மருந்து என்று பேசியதை நம் மேடைகளில் எத்தனை முறை மகிழ்ந்து எடுத்துரைத்திருக்கிறோம்! அதே பெரியார் முஸ்லிம் பெண்களின் கோஷாவைச் சாடியதை எடுத்துரைப்பதில்லை. அவர் பிறரை விமர்சித்தது நமக்குச் சிந்தனையாகவும், நம்மை விமர்சித்தது வெறுப்பாகவும் தோன்றுமாயின் நம் துலாக்கோலில் குறை இருக்கிறது.

அக்குறை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை 2017 மார்ச்சில் கோவையில் கண்டோம். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து பகுத்தறிவு இயக்கத்தில் இணைந்த இளைஞர் ஒருவர், தம் இறைமறுப்புக் கருத்துகளுக்காகக் கொல்லப்பட்டார் என்பது வழக்கு. அவர் கருத்துகள் நமக்கு ஒரு துளியும் ஏற்புடையவை அல்ல. அவற்றுக்கு விடை கூறுவது ஆலிம்களின் பணி. ‘குல்னா’ என்று எழுதவேண்டிய இடத்தில் உயிர் பறிக்கப்பட்டது.

மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து வாடகை வீடு தேடும் நம் பிள்ளை ஒருவர், ஆவடி வரை அலைகிறார். முன்பணம் பேசி முடிந்தபின் பெயர் கேட்கப்படுகிறது; பிறகு வீடு உறவினருக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அவ்வீட்டுக்காரர் இஸ்லாத்தின் எந்தக் கொள்கையையும் விமர்சிக்கவில்லை. அவருக்கு அதில் ஒன்றேனும் தெரியுமா என்பதும் ஐயமே. இதுதான் வெறுப்பு. 1997இல் பிரிட்டனில் ரன்னிமீட் அறக்கட்டளை வெளியிட்ட இஸ்லாமோஃபோபியா பற்றிய அறிக்கை, முஸ்லிம்களின் நம்பிக்கைகளோடும் நடைமுறைகளோடும் மாறுபடுவது தன்னளவில் வெறுப்பாகாது என்றே கூறியது. 1999 முதல் சமயங்களை இழிவுபடுத்துதல் என்னும் பெயரில் ஐ.நா.வில் தீர்மானங்கள் கொண்டுவந்த இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பே, 2011இல் அதனை விடுத்து, சமய நம்பிக்கையின் காரணமாக மனிதருக்கு இழைக்கப்படும் வெறுப்பையும் வேறுபாட்டையும் எதிர்க்கும் 16/18 தீர்மானத்தை மனித உரிமை மன்றத்தில் முன்வைத்தது. பாதுகாப்பு கொள்கையிலிருந்து மனிதருக்கு நகர்ந்தது. தீன் தன்னைக் காத்துக்கொள்ளும். வீடு கிடைக்காத பிள்ளைக்குத்தான் சட்டம் வேண்டும்.

இவ்விரண்டும் ஒரே நூலுக்குள் கலந்து கிடப்பதும் உண்டு. அல்பீரூனி, ஏறத்தாழ 1030இல் எழுதிய கிதாபுல் ஹிந்தில், இது வாதநூல் அன்று, இந்துக்கள் கூறுவதை உள்ளவாறே எடுத்துரைப்பது என்று அறிவித்துவிட்டு, அவர்தம் சாத்திரங்களைப் பெரும்பாலும் அவ்வாறே எடுத்துரைக்கிறார். ஆனால் முதல் அத்தியாயத்தில் அம்மக்கள் தம் நாட்டையும் தம் அறிவையுமே உயர்வாக எண்ணும் செருக்குடையோர் என்று மொத்தமாக ஒரு தீர்ப்பும் வழங்குகிறார். நாம் அதனை ஏற்பதற்கில்லை. அதே அத்தியாயத்தில் அவர் மற்றொன்றும் எழுதுகிறார். இந்துக்கள் முஸ்லிம்கள்மீது கொண்ட ஆழ்ந்த வெறுப்புக்கு, மஹ்மூத் கஸ்னவியின் படையெடுப்புகள் அந்நாட்டின் வளத்தை அழித்து மக்களைத் தூசுபோலச் சிதறடித்தமை ஒரு காரணம் என்கிறார். மஹ்மூதின் அரசவையைச் சார்ந்திருந்த ஒருவர் எழுதியது இது. அரபு மூலத்தை ஸகாவு என்னும் ஜெர்மானிய அறிஞர் 1887இல் பதிப்பித்தார். நம் அரபுக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் அந்நூலின் ஒரு பக்கமும் இல்லை.