நூல்நிலையங்களில் விளையாட்டு

நூல்களை வழங்குவதோடு நில்லாமல், சதுரங்கம் முதலிய பலகையாட்டங்களையும் சீட்டு, புதிர், வீடியோ விளையாட்டு ஆகியவற்றையும் தம் கூடத்திலேயே ஆட இடமளித்தும், வீட்டிற்கு இரவல் தந்தும், அவற்றைப் பற்றிய ஏடுகளைச் சேகரித்துப் பாதுகாத்தும் நூல்நிலையங்கள் ஆற்றிவரும் பணி இத்தலைப்பில் அடங்கும். இம்மூன்று முறைகளுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சிறந்த உதாரணங்கள் உள்ளன.

வரலாறு: தொழிலாளரின் கல்வியை உத்தேசித்துச் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1854-ல் தோன்றிய மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட், தன் நூல்நிலையத்தோடு சதுரங்கத்திற்கும் ஆதரவளித்தது. 1906-ல் நேர்ந்த பூகம்பத்திலும் தீயிலும் கட்டிடமும் நூல்களும் அழிந்தபின், 1910-ல் எழுந்த புதிய கட்டிடத்திலும் சதுரங்கத்திற்கு இடம் ஒதுக்கப்பட்டது. அந்நாட்டில் இடையறாது இயங்கிவரும் மிகப் பழைய சதுரங்கக் கழகம் இந்நிறுவனத்தினுடையதே. கிளீவ்லாந்து பொது நூல்நிலைய நிர்வாகக் குழுவின் தலைவராயிருந்த வழக்கறிஞர் ஜான் ஜி. ஒயிட், வாழ்நாளெல்லாம் திரட்டிய சதுரங்க நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் 1928-ல் காலமானபோது அந்நிலையத்திற்கே உரிமையாக்கிச் சென்றார். இத்துறையில் உலகிலேயே பெரிய தொகுதியாக அது விளங்குகிறது. பொருளாதார மந்தத்தால் குடும்பங்கள் வறுமையுற்றிருந்த 1935-ல், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில், குழந்தைகள் நூல்களைப் போலவே பொம்மைகளையும் இலவசமாக இரவல் பெறும் திட்டம் ஆரம்பமாயிற்று. இளைஞர்களைக் கவரும் நோக்கத்துடன் வீடியோ விளையாட்டுப் போட்டிகளை நடத்திய நூல்நிலையங்களுள் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நிலையம் குறிப்பிடத்தக்கது. அமெரிக்க நூலகச் சங்கம் 2008 நவம்பர் 15-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நாள், பிற்காலத்தில் சர்வதேச விழாவாக விரிவடைந்தது.

நடைமுறை: இரவல் தரும் விளையாட்டில் நூலுக்கில்லாத சிரமம் ஒன்றுண்டு. ஒரு பகடையோ ஒரு காயோ தவறினாலும் பெட்டி முழுவதும் பிரயோஜனமற்றுப் போகுமாதலால், காய், சீட்டு, பகடை ஆகியவற்றின் எண்ணிக்கையை மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டி, சிறு உருப்படிகளைத் தனித்தனிப் பைகளிலிட்டு, திரும்பி வந்தவுடன் எண்ணிச் சரிபார்த்த பின்னரே அலமாரியில் வைப்பது நல்ல வழக்கமாகும்.

ஆட்சேபமும் சமாதானமும்: நூல் வாங்க வேண்டிய பணம் விரயமாகும், வாசிப்போரின் அமைதி கெடும் என்பன இதற்கு எதிராகக் கூறப்படுபவை. தனி அறையும் குறித்த நேரமும் வகுப்பதால் இரண்டாவது குறை பெரும்பாலும் நீங்கும். முதலாவதற்கு, விளையாட வருவோர் நாளடைவில் வாசகராவர் என்று சொல்லப்படும் சமாதானம் போதுமானதன்று. விளையாட்டும் சாஸ்திரமும் சரித்திரமும் உடைய ஒரு கலையே என்பதை ஒயிட்டின் தொகுதியும், ஒருவர் தனித்து வாங்க இயலாததைப் பலரும் பொதுவில் துய்ப்பதே நூல்நிலையத்தின் தர்மம் என்பதை லாஸ் ஏஞ்சல்ஸ் திட்டமும் நன்கு நிரூபிக்கின்றன.

பாதுகாப்பு: மிச்சிகன் பல்கலைக்கழக நூல்நிலையம் 2008-ல் நிறுவிய வீடியோ விளையாட்டுக் காப்பகத்தில், விளையாட்டுகளோடு அவற்றை இயக்கும் பழைய இயந்திரங்களும் பேணப்படுகின்றன. உரிய இயந்திரமின்றி அவ்விளையாட்டை ஆராய்வது அரிது; ஆதலால் இத்துறையில், ஆடுவதற்கு வகைசெய்தலும் பாதுகாத்தலின் ஓர் அங்கமாகிறது.