அண்ணாவியார் வேலை: ஃபயர் ப்ரோ ரெஸ்லிங் ஏன் இன்னும் சாகேல்லை

நானாட்டான் பக்கத்துப் பெடியளிட்ட ரெஸ்லிங் கேம் எண்டு சொன்னால் முதலில் வருகிற பேர் ஸ்மாக்டவுன்தான். அதிலயும் 2003இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த 'ஹியர் கம்ஸ் த பெயின்'. அண்டர்டேக்கரும் பிரொக் லெஸ்னரும் ஒரு பக்கம் இருக்க, எங்களைக் கட்டிப் போட்டது ஆளை உருவாக்கும் பகுதி. அந்தப் பட்டியலில் எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நிறம், முடி, உயரம், அடி எல்லாத்தையும் நாங்களே தெரிவு செய்து, எங்கட பேரில ஒருத்தனை வளையத்துக்குள்ள இறக்கலாம். இந்தக் கட்டுரை அந்த ஆசையை இன்னும் ஆழமாகக் கொண்டுபோன, எங்கட பக்கம் அவ்வளவாக அறியப்படாத ஒரு யப்பானிய விளையாட்டைப் பற்றியது.

மசாத்தோ மசுதா எண்ட நிரலாளர் 1986இல் நிண்டெண்டோவின் ஃபமிகொம் கருவிக்கு 'ப்ரோ ரெஸ்லிங்' செய்தார். பிறகு ஹியூமன் நிறுவனத்தில் அவர் உருவாக்கிய 'ஃபயர் ப்ரோ ரெஸ்லிங்' 1989இல் பிசி எஞ்சின் கருவிக்கு வெளிவந்தது. வளையம் சரிவாகத் தெரியும், ஆக்கள் சின்னச் சின்னப் படங்கள். ஆனால் விளையாட்டு முழுக்க நேரக் கணக்கு. இரண்டு பேரும் கட்டிப் பிடிக்கிற அந்தக் கணத்தில் சரியாக பட்டனை அமத்த வேணும். அவசரப்பட்டு முந்தினால் எதிராளி தூக்கி அடிப்பான். பட்டனைப் போட்டு இடிக்கிறதால ஒண்டும் நடக்காது. தொடக்கத்திலேயே பெரிய அடிக்குப் போனாலும் தோல்விதான். முதலில் சின்ன அடி, பிறகு நடுத்தரம், எதிராளி களைத்த பிறகுதான் பெரிசு.

உண்மையான வீரர்களின் பேரைப் பயன்படுத்த அந்த விளையாட்டுக்கு உரிமம் இருக்கேல்லை. அதனால பேரைக் கொஞ்சம் மாத்தி, உடுப்பின் நிறத்தைக் கொஞ்சம் மாத்தி ஆக்களைப் போட்டார்கள். பார்க்கிற எவருக்கும் ஆள் யாரெண்டு விளங்கும். பிறகு வந்த பாகங்களில் பேரைத் திருத்தவும் புது ஆளை உருவாக்கவும் வழி விட்டார்கள். உரிமம் இல்லாத குறையே விளையாடுகிறவரின் சுதந்திரமாக மாறியது. நியூ யப்பான் ப்ரோ ரெஸ்லிங்கின் உரிமத்தோடு உண்மைப் பேர்கள் வந்தது 2018இல், 'ஃபயர் ப்ரோ ரெஸ்லிங் வேர்ல்ட்' காலத்திலதான்.

ஆனால் இதன் உண்மையான ஈர்ப்பு முகத்திலயோ உடுப்பிலயோ இல்லை. நீங்கள் உருவாக்குகிற ஆளுக்குப் புத்தியும் கொடுக்க வேணும். உதாரணத்துக்கு, எதிராளி களைக்காமல் நிக்கும்போது நூற்றுக்கு 60 தரம் கையைப் பிடித்து முறுக்குவான், 30 தரம் தூக்கிப் போடுவான், 10 தரம் குத்துவான் எண்டு எண்களால் எழுதி வைக்கலாம். களைத்தவனிட்ட என்ன செய்வான், விழுந்து கிடப்பவனிட்ட என்ன செய்வான், கூட்டத்துக்கு எவ்வளவு வேடிக்கை காட்டுவான் எண்டும் எழுதலாம். எழுதி முடித்த பிறகு கையை எடுத்துவிட்டு, இரண்டு பேரும் தாங்களாகவே மோதுகிறதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கடைசியில் யார் வெண்டது எண்டதோடு, ஆட்டம் எவ்வளவு நல்லாயிருந்தது எண்டதுக்கும் புள்ளி வரும்.

இதைப் பார்க்கும்போது எங்களுக்கு நினைவுக்கு வருவது எங்கட கூத்துத்தான். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு எண்டு இரண்டு வகைக் கூத்துகள் ஆடப்பட்ட மண் இது. யார் ராசா, யார் மந்திரி, யாருக்கு எந்தக் குரல் பொருந்தும் எண்டு அண்ணாவியார் பார்த்துப் பழக்குவார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரவு உண்டு. ரெஸ்லிங்காரன் பாட்டுப் போட்டு நடந்து வாறதும் ஒரு வரவுதானே? "எல்லாம் பொய்ச் சண்டையடா" எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். கூத்தின் முடிவும் எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சுதான் விடிய விடிய இருந்து பார்க்கினம். ஃபயர் ப்ரோ எங்களை வீரனாக்குவதை விட அண்ணாவியாராக்குகிறது. அதுதான் அதன் கவர்ச்சி எண்டு நாங்கள் நினைக்கிறம்.

உருவாக்கின ஆள் யாருக்குச் சொந்தம் எண்டது அடுத்த கேள்வி. 2000இல் நிண்டெண்டோ 64க்கு வந்த 'நோ மெர்சி' எண்ட அருமையான விளையாட்டின் முதல் பிரதிகளில் ஒரு வழு இருந்தது. சேமித்ததெல்லாம் தானாக அழிந்துபோகும். மணிக்கணக்காக உருவாக்கின ஆக்கள் ஒரே நாளில் இல்லாமல் போனார்கள். இண்டைக்கு அதே வேலையை நிறுவனங்கள் தெரிஞ்சே செய்கின்றன. 2022 மார்ச்சில் வந்த 'டபிள்யூடபிள்யூஈ 2கே22'இன் சேர்வர்களை 2024 சனவரியில் மூடினார்கள். இரண்டு வருசம்கூட இல்லை. மற்றவர்கள் உருவாக்கிப் பகிர்ந்த ஆக்களை அதன்பின் அந்த வழியால் இறக்க முடியாது.

ஃபயர் ப்ரோ தொடரும் அடி வாங்கியதுதான். ஹியூமன் நிறுவனம் வங்குரோத்தாகி, தொடர் ஸ்பைக் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2005இல் யப்பானில் 'ரிட்டர்ன்ஸ்' பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. நிறுவனம் மாறினாலும் விளையாடினவர்களின் ஆக்கள் தப்பினார்கள். ஏனெண்டால் ஓர் ஆளை முழுவதுமாக எழுத்தில் எழுதலாம்: எந்த அடி, எந்த நிலையில், நூற்றுக்கு எத்தனை. ஒருவர் எழுதி வைத்ததை இன்னொருவர் பார்த்துத் தன்ர மெமரி கார்ட்டில் திரும்ப அடிக்கலாம். கூத்துப் பாட்டுகளைக் கொப்பி பார்த்துக் கொப்பி எழுதிக் காத்தமாதிரி.

இடம்பெயர்ந்த ஊர்களில் இருக்கிற எங்களுக்கு இது சின்ன விசயமில்லை. விட்டுவிட்டு ஓடும்போது என்ன மிஞ்சும் எண்டது எங்கட வீடுகளில் எல்லாருக்கும் தெரிஞ்ச கேள்வி. ஒருவர் செய்ததை இன்னொருவர் கையால் திரும்பச் செய்ய முடிஞ்சால் அது மிஞ்சும். ஆளை உருவாக்குகிற தம்பி, தங்கச்சிமாரிட்ட நாங்கள் கேட்கிறது ஒண்டுதான். சேமிக்கிற அண்டைக்கே அந்த எண்களைக் கொப்பியிலயும் எழுதி வையுங்கோ.