வயது போன பூனையின் குணம் மாறினால்: முதுமை வேறு, நோய் வேறு

கடுகண்ணாவையில் எங்கள் வீட்டுப் பூனைக்கு இப்போது 14 வயது. மனிதக் கணக்கில் ஏறத்தாழ 72. சில மாதங்களுக்கு முன்னர் அது நள்ளிரவில் குசினியில் நின்று கத்தத் தொடங்கியது. யன்னல் கட்டில் ஏறுவதையும் விட்டுவிட்டது. கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வயசு போயிட்டுது, அப்பிடித்தான்."

வயதான பூனைகளுக்கு அதிகம் கெடுதல் செய்வது இந்த வார்த்தைதான். முதுமை நோயல்ல. ஆனால் முதுமையில் வரும் பல நோய்கள் முதலில் நடத்தை மாற்றமாகவே வெளியே தெரிகின்றன. பூனை நோவை மறைக்கும் பிராணி. நாயைப்போல் நொண்டிக் காட்டாது, முனகாது. வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கத் தொடங்கிய கிழப் பூனையைச் சந்தையிலோ விகாரைப் பக்கத்திலோ விட்டுவிட்டு வருவது நம் ஊர்களில் புதிதல்ல. மருந்தால் சரியாகக்கூடிய நோய்க்கு அது கிடைக்கும் தண்டனையாகவும் இருக்கலாம்.

எந்த மாற்றம் எதைச் சொல்கிறது?

நன்றாகத் தின்றும் மெலிவது, அமைதியின்றி அலைவது, இரவில் கத்துவது: தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யலாம். பூனைகளில் இந்நோய் 1979 இல்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இரத்தப் பரிசோதனையில் தெரியும்; மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். எங்கள் பூனையின் நள்ளிரவுக் கத்தலுக்கும் காரணம் இதுவே.

வழமையைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது: சிறுநீரக நோய் அல்லது நீரிழிவு. 10 வயதைக் கடந்த பூனைகளில் சிறுநீரக நோய் மிகச் சாதாரணம்.

உயரத்தில் ஏறாமை, மணல் தட்டுக்கு வெளியே போவது, தூக்கினால் சீறுவது: மூட்டு நோவு. 2002 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. யன்னலுக்குக் கீழே ஒரு ஸ்டூலை வைத்ததும் எங்கள் பூனை பழைய இடத்துக்குப் போய்விட்டது.

திடீரெனச் சுவரில் மோதுவது, கண்மணி விரிந்தே இருப்பது: உயர் இரத்த அழுத்தத்தால் பார்வை போயிருக்கலாம். இதற்கு அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

மறதி நோய்

மூலையில் வெறித்துப் பார்ப்பது, பழகிய வீட்டில் வழி தவறுவது, பகல் முழுக்கத் தூங்கி இரவில் விழித்திருப்பது ஆகியவை மூளைத் தளர்ச்சியின் அறிகுறிகளாக இருக்கலாம். மனிதரின் அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலோயிட் புரதம் பூனை மூளையிலும் படிகிறது. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறந்த பூனைகளின் மூளையை ஆராய்ந்து, நரம்புக் கலங்கள் இணையும் இடங்களில் அது சேர்ந்திருப்பதை 2025 இல் காட்டினர். ஆனால் மேலே சொன்ன நோய்கள் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே மறதி என்ற முடிவுக்கு வர வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

இலங்கையில் விசர் நோய் இன்னும் ஒழியவில்லை. சாதுவான பூனை திடீரென மூர்க்கமாகிக் கடித்தாலோ, எச்சில் வடித்தாலோ, விழுங்க முடியாமல் தவித்தாலோ தொடாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கடியோ கீறலோ பட்டால் 15 நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நோவுக்கென்று பனடோல் கொடுக்கவே வேண்டாம். பரசிட்டமோலை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கலாம்.

என்ன செய்யலாம்?

10 வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். கண்டி வீதியில் பிலிமத்தலாவையைத் தாண்டினால் பேராதனை. அங்கே பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. போகும் முன், மாற்றம் எப்போது தொடங்கியது, எவ்வளவு தின்கிறது, குடிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசமான நடத்தையைக் கைத்தொலைபேசியில் வீடியோ எடுங்கள். வைத்தியர் முன் பூனை அதைச் செய்து காட்டாது. மாதமொருமுறை நிறை பாருங்கள்: முதலில் பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு தனியே ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் விளிம்பு தாழ்ந்த மணல் தட்டு, குளிருக்கு மடித்த போர்வை, இரவில் ஒரு சிறு விளக்கு போதும். கதிரை, கட்டில்களை இடம் மாற்றாதீர்கள்.

எல்லா நோயும் குணமாகாது. ஆனால் பெயர் தெரிந்த நோய்க்குச் செய்ய ஏதாவது இருக்கும். பத்துப் பதினைந்து வருடம் நம்மோடு இருந்த உயிரை வெளியே விடுவதற்கு முன்னர், ஓர் இரத்தப் பரிசோதனையாவது செய்து பார்ப்பது நியாயம்.