அந்த ஒரு சொல்லைக் கேட்க வேண்டும்

காலத்தில் பின்னோக்கிப் போக ஒரே ஒரு நாள் அனுமதி கிடைத்தால், எந்தக் கச்சேரிக்குப் போவீர்கள்? சிலர் திருவையாற்றில் தியாகராசரைக் கேட்கப் போவார்கள். சிலர் கிட்டப்பா – சுந்தராம்பாள் நாடகம் பார்க்க ஓடுவார்கள். நானோ அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குப் போவேன். நாள் 1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. பாடியவர் மரியன் ஆண்டர்சன் என்னும் கறுப்பினப் பெண்மணி.

யார் இவர்? 1897இல் பிலடெல்பியா நகரில் பிறந்தவர். அப்பா ஐஸ்கட்டியும் கரியும் விற்றவர். அவர் இறந்த பிறகு, அம்மா ஊரார் துணியை வெளுத்து மூன்று பெண் பிள்ளைகளை வளர்த்தார். இசைப் பள்ளியில் சேரப் போன மரியனை, கறுப்பர்களுக்கு இங்கே இடமில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க! கைகொடுத்தது யார் தெரியுமா? அவர் பாடிவந்த தேவாலயத்து ஜனங்கள். சில்லறை சில்லறையாகச் சேர்த்து, பாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் கட்டினார்கள்.

பின்னர் ஐரோப்பாவே அவரைக் கொண்டாடியது. சொந்த நாடோ கதவை அடைத்தது. 1939இல் அவர் கச்சேரிக்காக, சுமார் 4,000 பேர் அமரும் கான்ஸ்டிடியூஷன் மண்டபத்தை ஹோவர்ட் பல்கலைக்கழகம் கேட்டது. மண்டபத்துக்குச் சொந்தக்காரர்களான 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' சங்கத்தார் மறுத்துவிட்டனர். மேடை வெள்ளையருக்கு மட்டுமாம்! அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் அச்சங்கத்திலிருந்தே விலகினார். அமைச்சர் ஹெரால்டு இக்கிஸ், லிங்கன் நினைவு மண்டபத்தின் படிகளில் பாட அனுமதி தந்தார். ஆம், அடிமைகளின் விடுதலைக்கு 1863இல் ஆணையிட்ட அதே லிங்கன்தான்!

4,000 பேர் கேட்க வேண்டிய பாட்டைக் கேட்க 75,000 பேர் திரண்டார்கள். கறுப்பரும் வெள்ளையரும் தோளோடு தோள் நின்றார்கள். அந்த ஜனக்கடலைக் கண்டதும் மரியனுக்கு ஒரு கணம் தொண்டை அடைத்துக்கொண்டதாம். பிறகு கண்களை மூடிப் பாடத் தொடங்கினார். முதலில் நாட்டுப்பற்றுப் பாடல். அதில் 'நான் பாடுகிறேன்' என வரும் இடத்தில், 'நாங்கள்' என்று மாற்றிப் பாடினார்.

அந்த 'நாங்கள்' என்ற சொல்லைக் கேட்கத்தான் நான் போக வேண்டும்! துணி வெளுத்த தாய், சில்லறை போட்ட ஏழைகள், வாசலில் நிறுத்தப்பட்ட ஓர் இனம், எல்லாரும் அந்தச் சொல்லுக்குள் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

1943இல் அதே சங்கம் அழைக்க, அதே மண்டபத்தில் மரியன் பாடினார். வந்தவர்கள் நிறம் பார்த்துப் பிரிக்கப்படாமல் கலந்து அமர வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கும்போது கொஞ்சம் கீழே பாருங்கள். இருட்டோடு எழுந்து வேலைக்குப் போகும் அப்பாவும், மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கித் தந்த அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். 'நான் ஜெயிச்சிட்டேன்' என்று சொல்லாதீர்கள். 'நாம ஜெயிச்சிட்டோம்' என்று சொல்லுங்கள்.