பிரித்தால் போகும் பொருள்

‘அத்திக்காய்’ பாடலைக் கேட்டிராதவர்கள் என் தலைமுறைத் தமிழரிடையே அரிது. 1962 இல் வெளிவந்த ‘பலே பாண்டியா’ படத்துக்காகக் கவிஞர் கண்ணதாசன் எழுதியது. மெல்லிசை மன்னர்கள் விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில் சௌந்தரராஜன், சுசீலா, ஸ்ரீநிவாஸ், ஜமுனாராணி ஆகிய நால்வர் பாடியது. பள்ளிச் சிறுவனாக அதனை வானொலியில் கேட்ட நாளில், இத்தனை காய்களை ஒரு பாட்டில் அடுக்கியிருக்கிறாரே என்றுதான் வியந்தேன். அது நிலவை நோக்கிய பாட்டு என்பது நெடுநாள் கழித்தே புலப்பட்டது. ‘காய்’ என்பது மரத்தில் தொங்குவது மட்டுமன்று, ஒளி வீசு என்னும் ஏவலுமாகும். ‘அத்திக்காய்’ என்பதை ‘அத் திக்காய்’ எனப் பிரித்தால் அந்தத் திசையாக என்று பொருள்படும். ‘இத்திக்காய்’ என்பதும் அவ்வாறே. காதுக்கு இரண்டும் ஒன்று. எழுதும்போதுதான் எங்கே பிரிப்பது என்ற கேள்வி எழுகிறது.

இதற்கு நம் முன்னோர் பெயரிட்டு வைத்திருக்கின்றனர். சொல்லைப் பிரியாமலே இரு பொருள் கொள்வது செம்மொழிச் சிலேடை. பிரித்துக் கொள்வது பிரிமொழிச் சிலேடை. இவ்வாறு வகுப்பது தண்டியலங்காரம். நன்னூல் இத்தகைய சொல்லைப் பொதுமொழி என்கிறது. உரைகாரர் காட்டும் ‘எட்டு’ என்னும் உதாரணம் எனக்கு மிகப் பிடித்தமானது. அது எண்ணாகவும் நிற்கும், ‘எள் து’ எனப் பிரிந்து எள்ளை உண் என்றும் நிற்கும்! இலக்கண ஆசிரியர்களுக்கும் நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடக்கியதை யாவரும் அறிவர். ஒரே எழுத்துத் தொடர் அடிதோறும் திரும்பி வந்து ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தருவது யமகம். ஏழாம் நூற்றாண்டிலேயே ஞானசம்பந்தர் அதில் பதிகம் பாடியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர், சண்டிலிப்பாய்க் கல்வளைப் பிள்ளையார் மீது ‘கல்வளையந்தாதி’யை அவ்வகையில் யாத்தார்.

இவையெல்லாம் ஓலைச்சுவடிக் காலத்தில் தழைத்தமை தற்செயலன்று என்பது எனது துணிபு. ஏட்டிலே சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. ரகரத்துக்கும் காலுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. படிப்பவர் வாய்விட்டுப் படித்து, காதால் கேட்டுத்தான் சொல்லைப் பிரித்தறிய வேண்டும். சொற்கள் பொருந்தும் மூட்டு கண்ணுக்குத் தெரியாதிருந்தமையால் இரு பொருளும் ஒன்றாக வாழ்ந்தன. அச்சு வந்தது, மூட்டுகள் வெளிப்பட்டன. யாழ்ப்பாணத்தில் 1849 இல் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர், எளிதிற் படிக்கத்தக்கவாறு நிறுத்தக் குறிகள் இட்டுப் பதிப்பித்தார். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆயினும் சிலேடைக்கு அச்சு அவ்வளவு நல்ல நண்பனன்று.

இதை நான் நூல்களிற் படித்து அறியவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்காளராகச் சேர்ந்த புதிது. சந்திகளைப் பிரித்துப் போடவேண்டும் என்பது அங்கு எழுதப்படாத விதி. ஞாயிறு மலருக்கு, கிராமத்துக் கூத்துக்களுக்குப் பாட்டெழுதும் முதியவர் ஒருவர் பாட்டொன்று அனுப்பியிருந்தார். தலைப்பு ‘நாடகமே’. பாட்டினுள் தேசம், வீடு, முற்றம் என்றெல்லாம் வந்தமையால், இதன் பொருளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமிதத்தோடு அதனை ‘நாடு அகமே’ என்று திருத்தினேன். ஈய எழுத்துக்களைக் கோத்த அச்சுக்கோப்பாளர் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் முதியவர் காரியாலயத்துக்கு வந்தார். கோபிக்கவில்லை.

“தம்பி, ரெண்டையும் ஒரு சொல்லில கட்டி வைச்சனான். நீர் அவிட்டுவிட்டிட்டீர்.”

நாடே நமக்கு வீடு என்பது அவர் சொன்னவற்றுள் பாதி. அப்படிச் சொல்வதெல்லாம் வெறும் நாடகம் என்பது மறுபாதி. என் இடைவெளி அந்த மறுபாதியைத் துடைத்துவிட்டது. ஏளனமாக எழுதியவர், அச்சிலே வாழ்த்துப் பாடியவராகிவிட்டார். ஊரில் சிலர் அவரை அதற்காகப் பாராட்டவும் செய்தார்களாம். அதுதான் அவரைச் சுட்டிருந்தது.

திருத்தம் வெளியிட்டோம். இரு பொருளையும் விளக்கி நான்கு வரி எழுதினேன். விளக்கிய பின் அதில் சிரிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. அதை வாசித்துக் காட்டியபோது முதியவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மேசையில் விரலால் தாளமிட்டு, அந்தத் தலைப்புச் சொல்லை இரண்டு முறை பாடினார். முதல்முறை வீடாகக் கேட்டது. இரண்டாம்முறை கூத்தாகக் கேட்டது. எங்கே மாற்றினார் என்று உற்றுக் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அச்சுக்கோப்பாளர் தமது தட்டருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.